பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் கொடுங்கள்

தமிழில் பழைய நூல்களையும் சிற்றிதழ்களையும் மின்வடிவில் சேகரிக்கும் முயற்சிகள் பெருகிவிட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் எல்லோரும் அறிந்தவை. இவற்றுக்கு வெளியே, தம் வீட்டு அலமாரியை எதிரில் வைத்துக்கொண்டு எக்ஸெல் கோப்பில் தனியாகப் பட்டியல் போடுகிற ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பட்டியலைத் தரவுத்தளமாக மாற்றி நாலு பேருக்குப் பயன்படும்படி பொதுவில் வைக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றும். நண்பர் ஒருவரைப் பிடித்து நிரல் எழுதச் சொல்வார்கள். அப்போது ஒரு கேள்வி எழும். பெரும்பாலும் அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் செலவிடுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் எது அடையாளம்?

நிரல் எழுதுகிறவர்களின் சமாசாரம்தானே என்று இலக்கிய வாசகர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். நாளை நீங்கள் எழுதப்போகும் கட்டுரையின் அடிக்குறிப்பு எந்தக் கதையை, எந்தப் பதிப்பைச் சுட்டுகிறது, பத்தாண்டு கழித்தும் அதையேதான் சுட்டுமா என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவின் அடையாளத்துக்குப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பதிவு பிறக்கும் கணத்தில், யாரையும் கேட்காமல், நிரலே அதை உண்டாக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த அடையாளத்தை மாற்றவும் கூடாது, வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது.

முதலில் பெயரைப் பார்ப்போம். நூலின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சேர்ந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணினித் துறையில் இதை இயற்கைச் சாவி என்பார்கள். பொருளிலேயே இருக்கிற ஒரு பண்பை எடுத்து அதன் அடையாளமாக்குவது. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் இட்ட கட்டுரையில் முதன்மைச் சாவி என்ற கருத்தை முன்வைத்தார். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அது ஒரு பெயராக இருக்கலாமா என்பதுதான் இங்கே வழக்கு.

தமிழ் இலக்கியத்தைப் போல் இந்த வழக்கில் பெயருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய இலக்கியம் வேறு இருக்குமா தெரியாது. அவ்வையாரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாடல்களின் அவ்வையும் ஆத்திசூடியின் அவ்வையும் ஒருவரல்லர் என்று ஆய்வாளர்கள் எத்தனை முறை எழுதினாலும் பொதுப்புத்தியில் அவர்கள் ஒரே கிழவிதான். ஒரே பெயர், பல ஆட்கள். கல்கி என்பது 1941இல் தொடங்கிய ஒரு வார இதழ், ரா. கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயரும் அதுவே. தேடுபொறியில் தட்டிப் பாருங்கள், புரியும். எதிர்த்திசையில், ஒரே ஆளுக்குப் பல பெயர்கள். சுந்தர ராமசாமி கவிதை எழுதும்போது பசுவய்யா. சொ. விருத்தாசலம் கதை எழுதும்போது புதுமைப்பித்தன், கவிதை எழுதும்போது வேளூர் கந்தசாமிப் பிள்ளை. எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். பழைய இதழ்களைப் புரட்டினால் இன்னாரென்று அடையாளம் காணப்படாத புனைபெயர்கள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் ஒன்று நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெரிய எழுத்தாளருடையது என்று நாளை ஓர் ஆய்வாளர் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தரவுத்தளத்தில் பெயர்தான் சாவி என்றால், அந்தக் கண்டுபிடிப்பைப் பதிவு செய்வதற்காக நீங்கள் சாவியையே மாற்ற வேண்டும். அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்த மற்ற அட்டவணைகளும், வெளியே யாரோ எழுதிய கட்டுரைகளில் இருந்த சுட்டிகளும் அறுந்து தொங்கும். அறிவு வளர வளர அடையாளம் உடைகிறது என்றால் அது என்ன அடையாளம்?

எழுத்து விஷயத்திலும் நமக்கு நிம்மதி இல்லை. சு.ரா., சு. ரா., சுந்தர ராமசாமி, சுந்தரராமசாமி ஆகிய நான்கும் நமக்கு ஒருவர், கணினிக்கு நால்வர். இதாவது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறிக்கென்று உள்ள ஒரே குறியீட்டைக் ககரத்தோடு சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகத் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே பைட்டுகள் வேறு. ‘ஸ்ரீ’க்கும் இதே கதை. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பிறகு அதை ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம், ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். ‘ஏழு’ என்ற தமிழ் இலக்கமும் எகரமும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிறவிகள். ஒப்பிடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்க விதிகள் ஒருங்குறியிலேயே இருக்கின்றன. கொகரச் சிக்கலை அவை தீர்த்துவிடும். ஸகர ஶகரச் சிக்கலையோ இலக்கச் சிக்கலையோ தீர்க்காது. ஒரே தலைப்பை இருவர் இருவேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்து, இரண்டும் தனித்தனி நூல்களாகப் பதிவாகி, ஏன் என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வது தமிழ்க் கணிமையில் புதிதல்ல.

அப்படியானால் பெயர் வேண்டாம், அர்த்தமுள்ள ஒரு குறியீட்டு எண் செய்துகொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. முதல் இரண்டு எழுத்து வகைமைக்கு, அடுத்த நான்கு இலக்கம் ஆண்டுக்கு, பிறகு ஆசிரியரின் முதலெழுத்து, கடைசியில் வரிசை எண். பார்த்தவுடனே நூல் எதுவென்று சொல்லிவிடலாம். அழகான திட்டம். இதே அழகு இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணிலும் இருந்தது. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். ஒருவரின் எண்ணைக் காதில் வாங்கிய எவரும் அவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்று சொல்லிவிடலாம். பிறந்த தேதி பிழையாகப் பதியப்பட்டுப் பின்னால் திருத்தப்பட்டால் எண்ணே பொய் சொல்லத் தொடங்கும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதும் நூற்றாண்டைத் தாண்டி ஓடக்கூடிய ஏற்பாடல்ல. 2016 முதல் நான்கிலக்க ஆண்டோடு பன்னிரண்டு இலக்கமாக்கினார்கள். ஆனாலும் பிறந்த நாளும் பாலும் உள்ளேயேதான் இருக்கின்றன. இந்தியாவின் ஆதார் எண்ணை எத்தனையோ காரணங்களுக்காகக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதைச் செய்தவர்கள் தெளிவாக இருந்தார்கள். பன்னிரண்டு இலக்கங்களில் ஊரோ வயதோ சாதியோ எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கடைசி இலக்கம் மட்டும் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை இலக்கம்.

நம் நூல்களுக்கும் இதுதான் கதி. ‘சிறுகதை, 1953’ என்று குறியீட்டில் பொறித்துவிட்ட பிறகு அது குறுநாவல் என்றும், முதற்பதிப்பு 1951 என்றும் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? உண்மையை மாற்றாமல் எண்ணைக் காப்பாற்றுவீர்களா, எண்ணை மாற்றி உண்மையைக் காப்பாற்றுவீர்களா?

ஐ.எஸ்.பி.என். இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். 1960களில் இங்கிலாந்தின் புத்தக வணிகத்துக்காக ஒன்பது இலக்கமாகப் பிறந்தது அது. 1970இல் பத்து இலக்கச் சர்வதேசத் தரமாகி, 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கமானது. கடையில் புத்தகம் விற்பதற்கு உகந்த எண். ஆனால் மணிக்கொடிக்கும் எழுத்துக்கும் அதனால் என்ன பயன்? 1970க்கு முந்தைய தமிழ் அச்சுலகம் முழுவதும் அதற்கு வெளியே கிடக்கிறது. அது பதிப்புக்கான எண் என்பதால், ஒரே நாவல் மூன்று பதிப்பகங்களில் வந்தால் மூன்று எண்கள்.

நூலகங்கள் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. எந்த நூலகப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள், அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதுகில் ஒட்டியிருப்பது பகுப்பு எண். பொருள் நிறைந்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டபோது அந்த எண்ணை ஒரு மொழியாகவே ஆக்கிவிட்டார். ஒரு நூலின் பொருள் எது, எந்தக் கோணம், எந்த இடம், எந்தக் காலம் என்பதையெல்லாம் அதில் வாசிக்கலாம். நூல் எந்த நூல்களுக்கு நடுவே நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது எண் உள்ளே ரப்பர் முத்திரைக்குள் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். அக்செஷன் நம்பர். இத்தனையாவதாக இந்த நூலகத்துக்குள் வந்த பிரதி என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. பகுப்பு எண் மாறலாம். நூலகர் மனம் மாறினால் நூல் வேறு அலமாரிக்குப் போகும். அக்செஷன் எண் மாறாது. நூல் தொலைந்தாலும் பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துக் குறிப்பு எழுதுவார்களே தவிர, அந்த எண்ணை அடுத்து வருகிற நூலுக்குக் கொடுக்க மாட்டார்கள். பழைய நூலகர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னால் அடிக்கவே வருவார். நம் நிரலாளர்கள் அவரிடம் ஒரு வாரம் பாடம் கேட்கலாம்.

சரி, அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவுத்தளத்தையே எண் கொடுக்கச் சொன்னால் தீர்ந்தது அல்லவா? பெரும்பாலான தரவுத்தளங்களில் அதற்கு வசதி இருக்கிறது, ஒரு பெட்டிக்குள் ஒரே தரவுத்தளம் என்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசையாகத்தான் எண்ணிட்டு வருகிறது. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு உலகம் மாறியபோதும் அந்த எண்கள் மாறவில்லை. நூலகம் திட்டத்திலும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் என்று ஒன்று உண்டு. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் இந்த வசதியை விட்டுவிட்டு, நிரலிலேயே ‘இதுவரை உள்ள பெரிய எண்ணைக் கண்டுபிடி, ஒன்றைக் கூட்டு’ என்று எழுதுகிற பழக்கம் நம் நண்பர்களிடம் வேரோடியிருக்கிறது. இரண்டு எழுத்தர்கள் ஒரே பதிவேட்டைப் பார்க்கிறார்கள். கடைசி எண் 416 என்று இருவரும் பார்த்துவிட்டு, இருவரும் 417 என்று எழுதப் போகிறார்கள். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது நடக்காது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் உள்ளிடும் நாளில்தான் நடக்கும். அது போதாதென்று, கடைசிப் பதிவை யாராவது அழித்தால் அதன் எண் அடுத்த பதிவுக்குப் போய்ச் சேரும். நேற்று ஒரு கட்டுரையில் ஒரு கதையைச் சுட்டிய எண் இன்று வேறொரு கதையைச் சுட்டும். சுட்டி அறுந்து போவதைவிட இது மோசம். அறுந்தால் வாசகருக்குத் தெரியும், இங்கே தெரியாது.

வேறு சிலர் நேரத்தை அடையாளமாக்குவார்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. கோப்பிலிருந்து ஆயிரம் பதிவுகளை மொத்தமாக ஏற்றும்போது ஒரே நொடியில் நூறு பதிவுகள் பிறக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். இன்னும் சிலர் நாலிலக்கக் குலுக்கல் எண் போடுவார்கள். பத்தாயிரம் எண்கள் இருக்கின்றனவே, நம்மிடம் இருப்பது சில நூறு நூல்கள்தானே என்ற தைரியம். இருபத்து மூன்று பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்கிற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கணக்குப்படி, பத்தாயிரம் எண்களில் குலுக்கி எடுத்தால் ஏறத்தாழ 118ஆவது நூலுக்குள் இரண்டு மோதிக்கொள்ளும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

வரிசை எண்ணின் உண்மையான குறை இவற்றில் இல்லை. அது ஓர் ஒற்றைப் பதிவேட்டை, அதாவது ஒரு மையத்தை, முன்னிபந்தனையாகக் கேட்கிறது. குறளுக்கு எண் சொல்லும்போது நாம் ஒரு மையத்தை ஒப்புக்கொள்கிறோம். பரிமேலழகர் வைத்த வரிசை அது. மணக்குடவர் உரையில் பல அதிகாரங்களுக்குள் குறள்களின் வரிசை வேறு. பரிமேலழகர் வென்றுவிட்டதால் நமக்கு அந்தச் சிக்கல் தெரிவதில்லை. கம்பராமாயணத்தில் யாரும் அப்படி வெல்லவில்லை. பதிப்புக்குப் பதிப்பு பாட்டெண் மாறுகிறது, பழைய கட்டுரையில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு பாட்டைத் தேடியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

இப்போது நம் சிற்றிதழ்ச் சேகரிப்புக்கு வாருங்கள். மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர். மூவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் அறியாமல், தத்தம் கைவசமுள்ள இதழ்களை ஒன்றிலிருந்து எண்ணிட்டு வருகிறார்கள். ஐந்தாண்டு கழித்து மூன்று பட்டியல்களையும் இணைக்கலாம் என்கிற நல்ல எண்ணம் உதிக்கிறது. மூன்றிலும் 417 இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு இதழ்கள். யாராவது இருவர் தம் எண்களை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தவரின் பட்டியலை நம்பி ஏற்கெனவே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் கட்டுரைகளும் அநாதையாகும். இலக்கியக்காரர்கள் விட்டுக்கொடுப்பதில் எவ்வளவு பேர் போனவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ச் சேகரிப்பின் இயல்பே சிதறல்தான். அதற்கு ஒரு மையம் கிடையாது, வருமென்று தோன்றவும் இல்லை. ஆகவே மையத்தைக் கேட்காத அடையாளம்தான் நமக்குப் பொருந்தும்.

அப்படி ஒன்று நாற்பதாண்டு அளவுக்குப் பழையது. 1980களில் அப்பல்லோ என்ற கணினி நிறுவனத்தின் வலையமைப்பு ஏற்பாட்டில் உருவாகி, 2005இல் ஆர்.எஃப்.சி. 4122 என்ற ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டு, 2024 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 9562 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. யூயூஐடி என்பார்கள், மைக்ரோசாஃப்ட் உலகத்தில் ஜியூஐடி. 128 பிட் நீளமுள்ள ஓர் எண். எழுதும்போது பதினாறடிமான இலக்கங்கள் முப்பத்திரண்டு, நடுவே நான்கு சிறுகோடுகள். 8-4-4-4-12 என்று பிரிந்து நிற்கும்.

இதில் பல வகைகள் உண்டு. முதல் வகை நேரத்தையும், கணினியின் வலையட்டை முகவரியையும் சேர்த்துக் கட்டியது. நேரத்தை அது 1582 அக்டோபர் 15 முதல் நூறு நானோநொடி அலகுகளில் எண்ணுகிறது. கிரிகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த நாள் அது! (ஒரு பாப்பரசரின் பஞ்சாங்கத் திருத்தம் இன்றைய நிரலுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.) வலையட்டை முகவரி உள்ளே இருப்பதால் இந்த எண் தன்னைப் பெற்ற கணினியைக் காட்டிக்கொடுக்கும். 1999இல் மெலிசா வைரஸ் பரவியபோது வேர்ட் ஆவணத்துக்குள் இருந்த இப்படியொரு எண், அதை எழுதியவரைத் தேடிய துப்புகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. எண்ணுக்குள் பொருளை வைத்தால் என்றாவது ஒரு நாள் அது பேசும் என்பதற்கு இதுவும் சாட்சி.

ஐந்தாவது வகை நம் இலக்கிய மரபுக்கு மிக நெருக்கமானது. பெயரையோ உள்ளடக்கத்தையோ எடுத்து, ஒரு கணித ஆலையில் போட்டு அரைத்து, அதிலிருந்து எண்ணைப் பிழிவது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர் பாட்டில் வரும் உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். படைப்பிலிருந்தே அடையாளம் பிறக்கிறது. யார் செய்தாலும் ஒரே விடை வரும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கணித ஆலைக்குப் பாடபேதத்தில் சகிப்புத்தன்மை கிடையாது. ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும், மேலே சொன்ன கொகரம் இரண்டில் ஒன்றாக மாறினாலும், முற்றிலும் வேறோர் எண் வரும். பெயரின் நோய்கள் எல்லாம் இதற்கும் தொற்றும். மின்கோப்பு ஒன்று பைட் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க இம்முறை நல்லது. நூலுக்கு அடையாளமாக வைக்க நான் ஒப்ப மாட்டேன்.

நான்காவது வகை முழுக்கக் குலுக்கல். 128 பிட்டுகளில் ஆறு, வகையைக் குறிக்கப் போக, மீதி 122 பிட்டுகளும் சமவாய்ப்பில் விழுபவை. மொத்தச் சாத்தியங்கள் ஏறத்தாழ 53 எழுதி, அதன் பின்னால் 35 சுழியங்கள். நொடிக்கு நூறு கோடி எண்களாக ஏறக்குறைய 86 ஆண்டுகள் ஓயாமல் உண்டாக்கினால்தான் ஒரே ஒரு மோதல் நேரும் வாய்ப்பு பாதியை எட்டும். தமிழில் இதுவரை அச்சான ஒவ்வொரு நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எண் கொடுத்தாலும் இந்தக் கடலில் ஒரு துளி நனையாது. மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் டொராண்டோக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாமலே எண் கொடுத்துக்கொண்டு போகலாம். இணைக்கிற அன்றைக்கு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் நாணயமாக நடந்தால்தான். டெபியன் லினக்ஸில் 2006இல் ஒரு மாற்றம் செய்யப்பட்டபோது, சமவாய்ப்பு எண்களுக்கு ஊட்டம் தந்த வரிகள் நீக்கப்பட்டுவிட்டன. 2008 மே மாதம் அது வெளியே தெரியும்வரை, அந்தக் கணினிகளில் உருவான மறையாக்கச் சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32,768 சாத்தியங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. கடல் என்று நினைத்தது கிணறு. ஆகவே குலுக்கலைச் சொந்தமாக எழுதாதீர்கள். இயங்குதளம் தருகிற தரமான மூலத்திலிருந்து எண் எடுக்கும் நூலகச் செயற்கூறுகள் எல்லா நிரல்மொழிகளிலும் இருக்கின்றன; ஒரு வரி எழுதினால் போதும்.

நான்காவது வகையின் மேல் நிரலாளர்களுக்கு ஒரு நியாயமான மனத்தாங்கல் உண்டு. தரவுத்தளம் தன் அட்டவணைகளை வரிசைப்படுத்தியே அடுக்கி வைக்கிறது. குலுக்கல் எண் வந்தால் ஒவ்வொரு புதுப் பதிவும் பேரேட்டின் ஏதோ ஒரு நடுப்பக்கத்தில் செருகப்பட வேண்டும். பதிவுகள் கோடிக்கணக்கில் ஏறினால் வேகம் குறையும். 2024இன் ஆவணத்தில் வந்திருக்கும் ஏழாவது வகை இதற்கு மருந்து. முதல் 48 பிட்டுகளில் மில்லிநொடி அளவில் நேரம், பிறகு 74 பிட்டுகள் குலுக்கல். புதுப் பதிவு எப்போதும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் விழும், மோதலும் நேராது. பதிவு எப்போது பிறந்தது என்பது எண்ணில் தெரிந்துவிடும். அர்த்தம் கூடாது என்றாயே, இது அர்த்தமில்லையா என்று கேட்பீர்கள். அர்த்தம்தான். ஆனால் பதிவு பிறந்த நேரம் திருத்தத்துக்கு உள்ளாவதில்லை. அந்த அளவில் நான் சமாதானம் செய்துகொள்கிறேன். எண்ணிலிருந்து அந்த நேரத்தைப் பிய்த்தெடுத்து வேறு எதற்காவது பயன்படுத்தும் நிரலை மட்டும் எழுதக் கூடாது.

வரிசை எண் வெளியே கசிய விடும் செய்தியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1,550. எண்களை வைத்துக் கணித்தது 327. போருக்குப் பின் கிடைத்த ஆவணங்களின்படி உண்மை 342. நம் சிற்றிதழ்ப் பட்டியலில் ஒளிக்க எதுவும் இல்லை என்பதால் இந்த வாதத்துக்கு நான் அதிக எடை கொடுக்க மாட்டேன். அதேசமயம், ஊகிக்க முடியாத எண் என்பதையே பூட்டாக வைத்துக்கொண்டு, உரிமை பெறாத நூலை ‘ரகசியச் சுட்டி’யில் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: அடையாளம் வேறு, அனுமதி வேறு.

என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. நிரல் உறுதி தருவது இரண்டு பொருள்களுக்கு ஒரே எண் வராது என்பதற்கு மட்டுமே. ஒரே பொருளுக்கு இரண்டு எண் வராது என்று அது ஒருநாளும் சொல்லவில்லை. மதுரையிலும் டொராண்டோவிலும் இருப்பது எழுத்து இதழின் ஒரே மாத இதழாக இருந்தால் அதற்கு இரண்டு எண்கள் கிடைத்துவிடும். எண் கொடுப்பது எளிதாக எளிதாக இந்த இரட்டிப்பு கூடும், இதை மறுக்க முடியாது. அதற்கும் முந்தைய கேள்வி, ‘ஒன்று’ என்பது எது? புதுமைப்பித்தன் கதை ஒன்று இதழில் வந்தது, தொகுப்பில் வந்தது, பின்னாளில் செம்பதிப்பில் வந்தது. இடையில் வாக்கியங்கள் மாறியிருக்கின்றன. இது ஒரு பொருளா, மூன்றா? நூலக அறிவியலார் 1998இல் வெளியிட்ட ஒரு கருத்துச் சட்டகத்தில் படைப்பு, அதன் சொல்வடிவம், அச்சு வெளியீடு, கையிலுள்ள பிரதி என்று நான்கு தளங்களைப் பிரித்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி அடையாளம் வேண்டும். எந்தத் தளத்தைப் பதிகிறோம் என்று தீர்மானிப்பது பதிப்பாசிரியரின் வேலை. அந்தத் தீர்மானத்தில் இலக்கிய வாசிப்பு இருக்கிறது, கணிதம் இல்லை.

இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும்போது என்ன செய்வது என்பதற்கு விக்கித்தரவு நல்ல முன்மாதிரி. 2012இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘க்யூ’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான் அடையாளம். பெயர்கள் எல்லாம் அதன்மேல் ஒட்டிய சீட்டுகள், எந்த மொழியிலும் ஒட்டலாம், கிழிக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் விழுந்துவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அதை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். பழைய எண்ணை அழிப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவரும் சரியான வீட்டுக்கே வந்து சேர்வார். இணைப்பது எளிது, ஒரே எண்ணில் சிக்கிக்கொண்ட இரண்டு அவ்வையார்களைப் பிரிப்பதுதான் நரகம். எந்தக் கட்டுரை எந்த அவ்வையைச் சுட்டியது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். இரண்டு பிழைகளில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால், நான் இரட்டிப்பைத் தேர்கிறேன்.

முப்பத்தாறு குறிகள் கொண்ட இந்த நீள வாலைக் கண்டு முகம் சுளிப்பவர்களைப் புரிந்துகொள்கிறேன். தொலைபேசியில் சொல்ல முடியாது, அடிக்குறிப்பில் பார்க்கச் சகிக்காது. தேவையானால் மனிதருக்கென்று தனியாக ஒரு குறுகிய எண்ணை வைத்துக்கொள்ளலாம்; நூலகத்துக்கு முதுகெண் போல. அது மாறினாலும் உள்ளே கயிறு அறாது. எக்ஸெலில் பட்டியல் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்பில் இன்றைக்கே ஒரு பத்தியைக் கூட்டி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு யூயூஐடியை இட்டு வைக்கலாம். அந்தப் பத்தியின் வடிவத்தை முன்கூட்டியே ‘எழுத்து’ என்று அமைத்துவிடுங்கள். எக்ஸெல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் எண்களை நினைவில் வைக்காது, முன்னால் நிற்கும் சுழியங்களைத் தின்றுவிடும், தேதிபோல் தோன்றுவதையெல்லாம் தேதியாக்கிவிடும். மரபணுக்கள் சிலவற்றுக்கு இந்தத் தொல்லையாலேயே 2020இல் விஞ்ஞானிகள் பெயர் மாற்றினார்கள். சூத்திரமாக விட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண் புதிதாகப் பிறக்கும். ஆகையால் மதிப்பாக ஒட்டிவிட்டு, அந்தப் பத்தியைப் பூட்டிவிட்டு, அடுத்த அலமாரிக்குப் போகலாம்.